சீட்டு வந்தது, ஆள் வரவில்லை

எங்கள் தெருவில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ஜன்னல்காரர் என்பார்கள். மூத்தவர்களுக்கு அதுவும் நீளமாகப் பட்டதால் வெறும் ‘ஜன்னல்’ என்பார்கள். ‘ஜன்னல் வருது பாரு’, ‘ஜன்னலுக்கு ஒடம்பு சரியில்லையாம்’ என்று பேசுவது என் காதில் விழும். எனக்கு அதில் வருத்தமில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். ஜன்னலிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை.

தங்கச் சுரங்கத்தின் வாயில், கீழே இறங்கும் குழியான ஷாஃப்டுக்குப் பக்கத்தில், தகரக் கொட்டகை ஒன்றில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதன் உட்பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன். கீழே இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர்; அந்த நம்பர் அடித்த பித்தளை வில்லை ஒன்று. ஷிஃப்ட் தொடங்கும்போது ஆள் வந்து வில்லையை என்னிடம் வாங்கிக்கொண்டு கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி இறங்குவான். வேலை முடிந்து மேலே வந்ததும் வில்லையை ஜன்னலில் வைப்பான். நான் தலையை ஆட்டிவிட்டு அதைச் சுவர்ப் பலகையில் அவன் நம்பருக்கான ஆணியில் மாட்டுவேன். நான் தலையை ஆட்டிவிட்டால் அவன் வந்து சேர்ந்த கணக்கு. வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்.

இந்த வேலைக்கு வாய் தேவையில்லை. அதனால்தான் இத்தனை வருஷமாக அதிலேயே இருக்கிறேன்.

ஒரே ஒரு சமயம் மட்டும் வாயைத் திறக்க வேண்டியிருக்கும். ஷிஃப்ட் முடிந்து கேஜ் காலியாக வந்த பிறகும் ஏதாவது ஆணி வெறுமையாக இருந்தால், அந்த நம்பரை வெளியே போய் உரக்கக் கூப்பிட வேண்டும். ஆள் இன்னும் கீழே இருக்கிறானா, மேலே வந்துவிட்டானா என்று தெரிய வேண்டுமே. பெரும்பாலும் அவன் வில்லையை மடியில் முடிந்துகொண்டே வீட்டுக்குப் போயிருப்பான். அதனால் ஆட்கள் குடியிருக்கும் லைன் வரைக்கும் போய்க் கூப்பிடுவேன். தன் நம்பர் காதில் விழுந்தால் எவனும் சும்மா இருக்கமாட்டான். சாப்பிட்ட கையோடு ஓடி வருவான், ‘ஏறிட்டேன் சார், ஏறிட்டேன்’ என்று கத்திக்கொண்டு.

ஓர் ஆளை ‘ஐயா’ என்று கூப்பிடச் சொன்னால் எனக்கு வாய் வராது. நம்பரைக் கூப்பிடுவதில் எனக்குக் கூச்சமே இல்லை. நம்பருக்கு முகம் இல்லை.

இப்படியிருந்த எங்கள் தெருவுக்கு எலெக்‌ஷன் வந்தது.

கம்பெனி லைன்கள் முடிகிற இடத்தில், கோரமண்டல் சுரங்கத்தின் பக்கம் போகும் பாதையில், சொந்தமாக வீடு கட்டிக்கொண்டவர்களின் தெரு எங்களுடையது. மேஸ்திரிகள், மரவேலைக்காரர்கள், ஒரு தையற்காரர், ஒரு நாவிதர், வண்டி வைத்திருப்பவர்கள் சிலர். பிளேக் பயம் வந்துபோன பிறகு ஊர்க் கமிட்டி ஒன்று அமைத்திருந்தார்கள். குப்பை, சாக்கடை, விளக்கு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதில் எங்கள் தெருவுக்கென்று ஒரு மெம்பரை நாங்களே ஓட்டுப் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள் தமுக்கடித்துச் சொன்னார்கள். எதற்குத் தமுக்கு என்று கேட்க ஒருவரும் வெளியே வரவில்லை. மறுபடியும் பிளேக் ஊசி போட வந்துவிட்டார்கள் என்று நினைத்துப் பாதிப் பேர் பின்பக்கமாகப் போய்விட்டார்கள்.

அதைப் பற்றி நானும் கவலைப்பட்டிருக்க மாட்டேன், கமிட்டி ஓவர்சியர் வந்து என் வீட்டுக்கு எதிரே முளையடிக்காமல் இருந்திருந்தால்.

என் மனைவி வாசலில் ஆப்பம் சுடுகிறவள். காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களும் எங்கள் வாசலில் சந்தித்துக்கொள்வார்கள். நாங்கள் இருக்கும் வீட்டின் சுவரில் பாதி என் சம்பளத்தில் எழுந்தது, பாதி ஆப்பத்தில் எழுந்தது. அவள் கணக்குப்படி முக்கால்வாசி ஆப்பம்.

எதிரே ஒரு காலி மனை. ஒரு நாள் ஓவர்சியர் சங்கிலி வைத்து அதை அளந்து நாலு மூலையிலும் முளையடித்துவிட்டு, எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து ஆப்பம் தின்றார். நாலு ஆப்பம் தின்றுவிட்டார். ஐந்தாவதைக் கரண்டியில் எடுத்துக்கொண்டே என் மனைவி கேட்டாள்:

“இன்னா சாமி, கோயில் கட்டப்போறீங்களா?”

“இல்லம்மா. பொதுக் கக்கூஸ்.”

கரண்டி அவருடைய இலை வரைக்கும் போயிருந்தது. அப்படியே திரும்பி வந்துவிட்டது.

“எத்தினி பேரு ஒக்கார்றதுக்கு?” என்றாள்.

“ஒரு வரிசைல பன்னெண்டு பேரு. வாசப்படி உங்க வூட்டப் பாத்தாப்பல.”

அன்று சாயங்காலம் அவள் விசாரித்துவிட்டாள். அவள் எதையும் விசாரிக்க வெளியே போவதில்லை; ஆப்பம் வாங்க வருகிறவர்களிடமே கேட்டு முடித்துவிடுவாள். விஷயம் இதுதான். தெருவுக்கு ஒரு மெம்பர் வந்தால் அவர் சொல்லும் இடத்தில் கக்கூஸைக் கட்டுவார்கள். எலெக்‌ஷனுக்கு நிற்பவர் தையற்காரர். சைனைட் மேட்டுக்குப் பின்னால் கட்டச் சொல்வதாக அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். மேடு என்றால், தங்கம் எடுத்த பிறகு மிச்சமாகிற மண்ணைக் கொட்டிக் கொட்டிக் குன்று மாதிரி ஆகிவிட்ட மேடு. அதற்குப் பின்னால் என்ன கட்டினாலும் யாருடைய மூக்குக்கும் எட்டாது.

எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. ஓட்டுப் பட்டியலில் இருபத்துநாலு பேர். அதில் பாதிப் பேராவது பள்ளிக்கூடத்துக்கு நேரில் வந்து ஓட்டுப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிச் சங்கு ஊதுவதற்குள் பன்னிரண்டு பேர் வராவிட்டால் எலெக்‌ஷன் செல்லாது. மெம்பர் கிடையாது. ஓவர்சியர் முளையடித்த இடத்திலேயே கட்டிவிடுவார்கள்.

“எம்பேர்ல ஓட்டுச் சீட்டு குடுத்துருந்தா நானே தெருவக் கூட்டிகினு போய் நிறுத்துவேன்,” என்றாள் என் மனைவி. “பொம்பளைக்கு கெடையாதாம். உங்களுக்கு குடுத்துகீறாங்க. வாயில்லாத ஆளாப் பாத்து.”

கமிட்டி சேவகன் வீடு வீடாக வந்து சீட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். உள்ளங்கை அளவு அட்டை. அதில் ஒரு நம்பர். எனக்கு வந்தது ஒன்பது.

சனிக்கிழமை மத்தியானம் அவள் எனக்குச் சோறு போட்டு, தலை வாரி, மேல்துண்டு கொடுத்து, வாசல் வரை வந்து அனுப்பிவைத்தாள். வீடு வீடாகப் போய், நாளைக்கு வந்து ஓட்டுப் போடுங்கள் என்று நான் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதை அவளே மூன்று முறை சொல்லிக் காட்டினாள். நானும் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்குள் நன்றாகத்தான் வந்தது.

முதல் வீட்டு வாசலில் நின்றேன். கூப்பிட வாய் வரவில்லை. அதனால் இருமினேன். யாரும் வரவில்லை. கொஞ்சம் பலமாக இருமினேன். உள்ளேயிருந்து அந்த வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, ஐயோ பாவம் என்று உள்ளே போய், சுக்குக் கஷாயம் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கேயும் இருமினேன். அங்கே மிளகு. மூன்றாவது வீட்டில் துளசி. நாலாவது வீட்டுக்காரருக்கு என் இருமல் ஏற்கெனவே எட்டியிருந்ததால், நான் இருமுவதற்கு முன்பே கதவைச் சாத்திக்கொண்டார். பிளேக் பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஐந்தாவது வீடு மரவேலை மேஸ்திரியுடையது. சுரங்கத்துக்குள் மேல்மண் சரியாமல் மர முட்டுக் கொடுக்கிற வேலை. கயிற்றுக் கட்டிலில் படுத்தவாறே அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

“வாங்க ஜன்னலு. இன்னா இந்தப் பக்கம்?”

நான் என் சீட்டை எடுத்துக் காட்டினேன்.

“ஓ, அதுவா. எத்தினி பேரு நிக்கிறாங்க?”

“ஒருத்தர்.”

“ஒருத்தரா? அப்ப யாரு தோப்பாங்க?”

“யாரும் இல்ல.”

“யாருமே தோக்காத பந்தயத்துக்கு நான் எதுக்கு குளிச்சிட்டு வரணும்?”

அதற்குப் பதில் என் மனைவி சொல்லிக்கொடுக்கவில்லை. நான் நின்றேன். நான் நிற்பதைப் பார்த்து அவருக்கே என்னமோ போல் ஆகிவிட்டது. சுவர் மாடத்தில் கைவிட்டுத் தன் சீட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

“இந்தாங்க. போதுமா?”

நான் தலையை ஆட்டினேன். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த இடத்தில்தான் பிசகு. ஆனால் அப்போது அது எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. நான் நினைத்தது என்னவென்றால், என் பலகையில் மாட்டிய வில்லைக்குச் சொந்தக்காரன் அடுத்த ஷிஃப்டுக்கு வந்துதான் தீருவான். வில்லை என்னிடம் இருக்கிறது, ஆகையால் ஆள் வருவான். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் இது தப்பியதில்லை. சீட்டை என்னிடம் பத்திரமாகக் கொடுத்துவைக்கிறார், நாளைக்குப் பள்ளிக்கூட வாசலில் வந்து வாங்கிக்கொள்வார் என்று சந்தோஷப்பட்டேன். அவர் நினைத்தது வேறு. ஜன்னலில் வைத்தாயிற்று, ஜன்னல் தலையை ஆட்டியாயிற்று. ஆகையால் அவர் வந்து சேர்ந்த கணக்கு. இனி வீட்டில் படுக்கலாம்.

விஷயம் தெருவில் பரவிவிட்டது. ஜன்னலிடம் சீட்டைக் கொடுத்தால் போதுமாம் என்று. அதன் பிறகு நான் இருமவே வேண்டியிருக்கவில்லை. நான் போகும் வழியிலேயே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவர் சுவருக்கு மேலிருந்து போட்டார். இன்னொருவர் குளித்துக்கொண்டிருந்தவர், மனைவியிடம் கொடுத்தனுப்பி, நான் தலையை ஆட்டுகிறேனா என்று தலையில் சோப்போடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எல்லோருக்கும் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து எண்ணினால் பதினான்கு சீட்டு.

என் மனைவி இரண்டு முறை எண்ணினாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்களா பேசினீங்க?”

தலையை ஆட்டினேன். அன்று சாயங்காலம் எனக்கு மட்டும் தேங்காய்ப்பாலில் வெல்லம் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். ஒரு பலகையில் வரிசையாக ஆணியடித்து எடுத்துப் போயிருந்தேன். வாசலில் அதைச் சாத்தி, பதினான்கு சீட்டையும் மாட்டி, பக்கத்தில் நின்றுகொண்டேன். உள்ளே ஒரு மேஜை, ஒரு பெட்டி, ஒரு சேவகன், தாலுகா கச்சேரியிலிருந்து வந்திருந்த சிரஸ்தார் ஒருவர். சிரஸ்தார் கன்னடக்காரர், நல்ல மனிதர், சரிகைத் தலைப்பாகை. வெளியே வந்து என் பலகையைப் பார்த்தார்.

“ஏன்ரீ, இது என்ன அங்கடி?” என்றார். என்ன கடை என்று கேட்கிறார்.

கடையில்லை என்று தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். விலை கேட்டார்.

ஒன்பது மணி வரைக்கும் ஓர் ஆளும் வரவில்லை. ஒன்பதரைக்குத் தையற்காரர் வந்தார். சர்ச்சிலிருந்து நேராக வருகிறார். கறுப்புக் கோட்டு, அவரே தைத்தது. ஜெயித்த பிறகு பேச வேண்டுமே என்று தொண்டைக்கு அதிமதுரம் அடக்கிக்கொண்டிருந்தார். தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொண்டார். யாருக்கு என்று சிரஸ்தார் சட்டப்படி கேட்டபோது கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்றுவிட்டுத்தான் சொன்னார். ஒன்று.

பிறகு நாவிதர் வந்தார். அவர் வந்தது ஓட்டுக்காக இல்லை. சிரஸ்தாருக்குச் சவரம் செய்யச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பாதி முகத்துக்குச் சவரம் ஆனபோது, நீயும் பட்டியலில் இருக்கிறாயா என்று சிரஸ்தார் கேட்டார். இருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓட்டுப் போட்டுவிட்டு மறுபடி எடுத்துக்கொண்டார். இரண்டு.

மூன்றாவது ஆள் வண்டிக்காரர். தானாக வந்த ஒரே ஆள். மேஜைக்கு முன்னால் போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டி, கையை நீட்டிவிட்டார்.

“குத்துங்க சார். ஒரே குத்தா குத்திடுங்க.”

“ஊசி இல்லை. ஓட்டு. யாருக்கு?”

“யாருக்கா? எனக்குத்தான். எங்க வூட்ல மத்தவங்க எல்லாம் போட்டுகினாங்க.”

சிரஸ்தார் பொறுமையாக விளக்கி, தையற்காரருக்கு ஓட்டு வாங்கினார். வெளியே வந்த வண்டிக்காரர் சட்டைக் கையை இறக்கிக்கொண்டே என்னிடம் கேட்டார்: “சாயங்காலம் ஜொரம் வருமா?”

பத்தரை. பலகையில் பதினான்கு சீட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. தையற்காரர் அதிமதுரத்தைத் துப்பிவிட்டார்.

“ஐயா, எங்க எல்லாரும்?”

சீட்டுகளைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. பதினான்கையும் பிடுங்கி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடி மேஜையில் பரப்பிவைத்தார். சிரஸ்தார் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

“சீட்டு பேடா. ஆளு பேக்கு.”

சீட்டு வேண்டாம், ஆள் வேண்டும். கன்னடத்தில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், ஆனால் அது தெளிவாகவே புரிந்தது. அப்போதுதான் எனக்குப் பிசகு விளங்கியது. வில்லை ஜன்னலுக்கு வந்தாயிற்று என்றால் ஆள் என்ன செய்வான்? வீட்டுக்குப் போவான். அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் இந்த ஊரில் யார்?

தெருவுக்கு ஓடினேன். பதினொன்றேகால் இருக்கும். என் மனைவி வாசலில் ஆப்பச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாங்க, எத்தினி பேரு ஆச்சி?”

“மூணு.”

“பதினாலுன்னீங்களே?”

“அது சீட்டு.”

அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். அவள் எதிரே இருந்த நாலு முளையைப் பார்த்தாள். பிறகு ஆப்பச்சட்டியைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

நான் தெரு நடுவில் நின்றேன். இரண்டு பக்கமும் கதவுகள். உள்ளே எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தூக்கம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூப்பிட வேண்டும். மேஸ்திரியின் கதவைப் பார்த்து வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ கஷாயத்துக்கு அடுப்பை ஊதுகிற சத்தம் கேட்டது.

அந்தக் கதவைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். என் பலகை தெரிந்தது. ஆணிகள் தெரிந்தன. பித்தளையில் அடித்த நம்பர்கள் தெரிந்தன. ஷாஃப்ட் வாசலில் எப்படி நிற்பேனோ அப்படி நின்று, வயிற்றிலிருந்து கூப்பிட்டேன்.

“நானூத்திப் பன்னெண்டு. நம்பர் நானூத்திப் பன்னெண்டு வரல்ல.”

மரவேலை மேஸ்திரி கட்டிலிலிருந்து விழுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. கண் இன்னும் திறக்கவில்லை. கை மட்டும் இடுப்பு மடியைத் தடவிக்கொண்டிருந்தது.

“ஏறிட்டேன் சார். ஏறிட்டேன். மேலதான் கீறேன்.”

அவர் மனைவி பின்னாலேயே ஓடி வந்து, புருஷனை நேரில் பார்த்த பிறகும் நம்பிக்கை வராமல் முதுகில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். “வூட்லதான படுத்துகினு இருந்த, எப்ப எறங்கின?” என்றார்.

“இருநூத்தி ஆறு. முன்னூத்தி நாப்பது. அறுபத்தொம்பது.”

எனக்கு நிறுத்தத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் ஒவ்வொன்றாக மட்டும் கூப்பிட்டிருக்கிறேன். வரிசையாகக் கூப்பிட்டதில் ஒரு ருசி கண்டுவிட்டேன். கதவுகள் பட்பட்டென்று திறந்தன. ஒருவர் கையில் எலும்பு. ஒருவர் லுங்கியைக் கட்டிக்கொண்டே வந்தார், கட்டி முடிக்கவில்லை. நேற்றுச் சோப்போடு எட்டிப் பார்த்தவர் இன்றைக்கும் சோப்போடுதான் வந்தார். அவர் குளிக்கிற நேரம்தான் எனக்கு அவர் தேவைப்படுகிற நேரமாக அமைந்துவிடுகிறது. எல்லோரும் மடியைத் தடவிக்கொண்டு, ‘ஏறிட்டேன், ஏறிட்டேன்’ என்று நின்றார்கள்.

நான் அவரவர் சீட்டை அவரவர் கையில் வைத்தேன். பேசவில்லை. பேச வேண்டியிருக்கவும் இல்லை. என் கையிலிருந்து ஏதாவது வாங்கினால் அவர்களுடைய கால் தானாக நடக்கும். எட்டுப் பேரும் திரும்பி, கேஜுக்குப் போகிற மாதிரி இரண்டிரண்டு பேராக வரிசை கட்டி, பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தார்கள். மீதி ஆறு பேர் ஊரில் இல்லை. இரண்டு பேர் வேலூர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மற்றவர்கள் மாரிக்குப்பத்தில் பூசைக்குப் போய் அங்கேயே சாப்பிட உட்கார்ந்துவிட்டார்களாம். வண்டிக்காரர் தெருமுனையில் நின்று, வரிசையைப் பார்த்து, “வலிக்கல்ல, பயப்படாதீங்க” என்று ஒவ்வொருவருக்கும் தைரியம் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் வரிசை குனிந்து உள்ளே நுழைந்தது. கேஜில் தலை இடிக்கும் என்று குனிந்து பழக்கம். சேவகன் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு கழியைக் குறுக்கே பிடித்துக்கொண்டிருந்தான். கேஜ் வாசல் கம்பி மாதிரி அது தெரிந்ததும் எல்லோரும் அதை அவன் தூக்கும் வரைக்கும் அசையாமல் நின்றுவிட்டார்கள். தூக்கினான், இரண்டு பேர் உள்ளே போனார்கள். மறுபடி இறக்கினான். பாவம், அவன் முதுகு சொறியத்தான் அந்தக் கழியை எடுத்திருந்தான்.

“யாருக்கு?” என்றார் சிரஸ்தார்.

“மரவேலை,” என்றார் மேஸ்திரி.

“வேலை இல்லை. ஓட்டு யாருக்கு?”

“அவருக்குத்தான். தோக்காதவருக்கு.”

நாலு, ஐந்து, ஆறு என்று சிரஸ்தார் எழுதிக்கொண்டே வந்தார். தையற்காரர் ஒவ்வொன்றையும் விரல் விட்டு எண்ணினார். எட்டாவது ஆள் சோப்புக்காரர். அவரோடு பதினொன்று. அதற்குப் பிறகு வாசலில் யாரும் இல்லை.

என் மனைவி பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே வந்து நின்றிருந்தாள். கையில் கரண்டி. தெருப் பெண்கள் எல்லோரும் அவளுக்குப் பின்னால்.

சிரஸ்தார் கடிகாரத்தை வெளியே எடுத்தார். பட்டியலைப் பார்த்தார். இன்னும் வராதவர்களின் பெயரை முறைப்படி ஒரு தரம் படிக்க வேண்டும் போலிருக்கிறது, படித்தார். கல்யாணத்துக்குப் போனவர்கள், பூசைக்குப் போனவர்கள், காலை ஷிஃப்டுக்குக் கீழே இறங்கியிருந்தவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் யாராவது, இல்லை என்றார்கள். பிறகு இன்னொரு பெயரைப் படித்தார்.

எல்லோரும் திரும்பி வாசலைப் பார்த்தார்கள்.

மறுபடியும் படித்தார். மேஸ்திரி சோப்புக்காரரைப் பார்த்தார். “யாருய்யா அது? நம்ம தெருவா?” சோப்புக்காரர் உதட்டைப் பிதுக்கினார். “புதுசா குடிவந்த ஆளோ இன்னாவோ.” நானும் சுற்றிலும் பார்த்தேன். எங்கேயோ கேட்ட பெயராக இருந்தது. யாரோ ஒருவன் இருந்துகொண்டே வராமல் இருக்கிறானே, இந்த ஒருவனால் எல்லாம் கெடப்போகிறதே என்று எனக்குக் கோபம் கூட வந்தது.

மூன்றாவது முறையும் படித்தார்.

அப்போது என் மனைவியைப் பார்த்தேன். அவள் முகம் சிவந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். சொல்ல ஏதோ இருக்கிறது, சொல்ல முடியவில்லை என்று தெரிந்தது. எதற்கும் வாய் பின்வாங்காதவள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. புருஷன் பெயரை வாயால் சொன்ன பழக்கம் அவளுக்கு இல்லை என்பது எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அது என் பெயர் என்பதும் வரவில்லை. எனக்கு நம்பரும் கிடையாது. கீழே இறங்காதவனுக்கு எதற்கு வில்லை?

தூரத்தில் தங்கக் கல் அரைக்கும் மில்லின் நீராவி இரையத் தொடங்கியது. சங்கு ஊதுவதற்கு முன்னால் அப்படித்தான் இரையும்.

அவள் எட்டி, பள்ளிக்கூட மணிக்காகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டின் மேல் கரண்டியால் தட்டினாள். மூன்று தட்டு. இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக. வீட்டில் ஆப்பச்சட்டியின் விளிம்பில் தினமும் தட்டுவது அப்படித்தான். அந்தச் சத்தம் வந்தால் ஆப்பம் ஆறுகிறது, வந்து உட்காருங்கள் என்று அர்த்தம்.

என் கால் கிளம்பிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அது சிரஸ்தாரின் மேஜைக்கு எதிரே சவரத்துக்காகப் போட்ட நாற்காலி. உட்கார்ந்து இலைக்காகக் காத்திருந்தேன்.

“இவரா?” என்றார் சிரஸ்தார்.

“அவருதான் சாமி, அவருதான். படிச்சீங்களே, அது அவருதான்,” என்றாள் என் மனைவி.

“அடடே, ஜன்னலா அது?” என்றார் மேஸ்திரி. “அவருக்கு பேரெல்லாம் கீதா?”

சிரஸ்தார் தையற்காரரைக் காட்டி, இவருக்கா உங்கள் ஓட்டு என்று என்னைக் கேட்டார். என் ஒன்பதாம் நம்பர் சீட்டை மேஜையில் வைத்தேன். அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். அதனால் என் வாய் மூடிக்கொண்டது. நான் தலையை ஆட்டினேன்.

அவர் பன்னிரண்டு என்று எழுதினார். சங்கு ஊதியது. தையற்காரர் பேச எழுந்தார். சங்கு என்றால் சாப்பாடு. அவர் ‘மகாஜனங்களே’ என்று முடிப்பதற்குள் கூட்டம் தெருவைத் தாண்டிவிட்டது. சிரஸ்தாரும் நானும் மட்டும் கேட்டோம். அவருக்குத் தமிழ் அரைகுறை, எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்து போகக் கூச்சம்.

இருபத்துநாலு பேரில் பன்னிரண்டு பேர் வந்தது மட்டம் என்று பின்னால் சிரஸ்தார் சொன்னாராம். வராதவர்களுக்கு ஊர் நன்மையில் அக்கறை இல்லை என்றாராம். நான் யோசித்துப் பார்த்தேன். அக்கறை இல்லை என்று சொல்ல முடியவில்லை. இருமினால் கஷாயம் கொடுக்கிற ஜனங்கள். வந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டுதான் கல்யாணத்துக்கும் பூசைக்கும் போயிருந்தார்கள்.

முளைகளைப் பிடுங்கினார்கள். மேட்டுக்குப் பின்னால் கக்கூஸ் எழுந்தது. பன்னிரண்டு பேர் உட்கார இடம், நல்ல தகரக் கூரை, வாசலில் தையற்காரர் பெயர் போட்ட கல். திறப்பு விழாவுக்குத் துரை ஒருவர் வந்து ரிப்பன் வெட்டினார். அதோடு சரி. மேட்டைச் சுற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் போக யாருக்கு முடியும்? போனவர்களும் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று. ஜனங்கள் உபயோகிக்கவில்லை என்று கமிட்டியில் தையற்காரரைக் கேள்வி கேட்டார்கள்.

ஒரு நாள் காலை அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். என் மனைவி ஆப்பம் வைத்தாள். நாலு தின்றார். பிறகு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஐயா, உங்களால ஒரு ஒத்தாசை. பெரிசா ஒண்ணுமில்ல. வெடியக்காலம் ஒரு அரைமணி நேரம் அந்த மேட்டாண்ட நின்னு, அன்னிக்கு கூப்பிட்டீங்களே அதுமாதிரி நம்பர கூப்பிட்டீங்கன்னா—”

என் மனைவியின் கரண்டி அவருடைய இலைக்கு மேலே ஐந்தாவது ஆப்பத்தோடு நின்றது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

வாழ்க்கையில் முதல்முறையாக, நான் தலையை ஆட்டவில்லை.